ப்ராக்ஸி பார்க்காததை எக்ஸ்டென்ஷன் பார்க்குமா?

கேள்வி, செப்டம்பர் 2

வெப் அப்ளிகேஷன் செக்யூரிட்டி டெஸ்டிங்குக்கு பர்ப், ஸாப் மாதிரி, பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவில் ப்ராக்ஸியாக உட்கார்ந்து ரிக்வெஸ்டுகளைப் பார்க்கும் தனிக் கருவி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. இப்போது எல்லா அப்ளிகேஷனும் பிரவுசருக்குள்தான் ஓடுகிறது. குக்கீ திருத்த ஒரு எக்ஸ்டென்ஷன், ஹெடர் மாற்ற ஒன்று, எக்ஸ்எஸ்எஸ் (பக்கத்துக்குள் அந்நிய ஸ்கிரிப்டை ஓட வைக்கும் ஓட்டை) தேட ஒன்று, எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷனுக்கு ஒன்று. நாலைந்து போட்டுக்கொண்டால் வேலை முடிந்தது. ப்ராக்ஸி, சர்டிபிகேட் என்று மல்லுக்கட்ட வேண்டியதில்லை. நான் சொல்வது சரியென்றால் எந்தெந்த எக்ஸ்டென்ஷன் என்று ஒரு பட்டியல் கொடுங்கள்.

செப்டம்பர் 2, மாலை

பட்டியல் தரப்போவதில்லை. நீங்கள் சொன்னதில் பாதி சரி, ஆனால் நீங்கள் நினைக்கிற பாதி இல்லை.

குக்கீ திருத்துவதும் ஹெடர் மாற்றுவதும் பிரவுசரோடு வரும் டெவ்டூல்ஸிலேயே நடக்கும். பயர்பாக்ஸின் நெட்வொர்க் டேபில் போன ரிக்வெஸ்டைத் திருத்தி மறுபடி அனுப்பலாம். குரோமில் லோக்கல் ஓவர்ரைட்ஸ் 65-ஆம் பதிப்பிலிருந்தே இருக்கிறது. சர்வர் அனுப்பும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புக்குப் பதிலாக நீங்கள் திருத்திய பிரதியை ஏற்றிக்கொள்ளும். எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் என்பது டேட்டாபேஸ் கட்டளைக்குள் நம் உள்ளீட்டைச் செருகுவது, முழுக்க சர்வர் பக்கத்துச் சமாச்சாரம். அதை பிரவுசருக்குள் உட்கார்ந்து தேட ஒரு காரணமும் இல்லை. ஒரே ரிக்வெஸ்டை நூறு விதமாக மாற்றி அனுப்பி, வந்த பதில்களை அடுக்கி ஒப்பிட ப்ராக்ஸிதான் வசதி.

எக்ஸ்டென்ஷன் தேவைப்படும் இடம் வேறு. யூஆர்எல்லில் ஹாஷ் குறிக்குப் பின்னால் வரும் பகுதி சர்வருக்குப் போவதே இல்லை. சிங்கிள் பேஜ் அப்ளிகேஷன் ஒன்று அந்தப் பகுதியை எடுத்து நேராக இன்னர்எச்டிஎம்எல்லில், அதாவது பக்கத்தின் எச்டிஎம்எல்லாகவே, போடுகிறது என்று வையுங்கள். ப்ராக்ஸி ஹிஸ்டரியில் சுத்தமான ஒரு கெட் ரிக்வெஸ்ட் மட்டும் இருக்கும். ரெஸ்பான்ஸிலும் ஒன்றும் இருக்காது. ஓட்டை முழுக்க பிரவுசருக்குள் பிறந்து பிரவுசருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அமித் க்ளைன் 2005-இல் இதை எக்ஸ்எஸ்எஸ்ஸின் மூன்றாவது வகை என்று தனியாகப் பிரித்து எழுதினார். டாம் எக்ஸ்எஸ்எஸ் என்று இன்று நாம் சொல்வது அதுதான் (டாம் என்பது பிரவுசர் நினைவில் வைத்திருக்கும் பக்கத்தின் வடிவம்). அனுப்பிய சரம் ரெஸ்பான்ஸில் திரும்பி வருகிறதா என்று மட்டும் பார்க்கும் எந்த ஸ்கேனருக்கும் இது தெரியாது.

செப்டம்பர் 2, இரவு

பட்டியல் ஏன் தரமாட்டேன் என்றால், இணையத்தில் சுற்றுகிற பட்டியல்களில் பாதி செத்துப்போனவை. டாம்பர் டேட்டா, லைவ் எச்டிடிபி ஹெடர்ஸ், எக்ஸ்எஸ்எஸ் மீ, எஸ்க்யூஎல் இன்ஜெக்ட் மீ, பயர்பக் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். இவை எல்லாம் பயர்பாக்ஸின் பழைய எக்ஸ்டென்ஷன் முறையில் எழுதப்பட்டவை. 2017 நவம்பரில் பயர்பாக்ஸ் 57 வந்தபோது அந்த முறையையே எடுத்துவிட்டார்கள். ஒரே நாளில் மொத்தக் கூட்டமும் காலி. ஹேக்பார் மாதிரி சிலவற்றை வேறு ஆட்கள் புதிய முறையில் திரும்ப எழுதினார்கள். மற்றவை வரவே இல்லை.

எக்ஸ்எஸ்எஸ் மீ எப்படி வேலை செய்தது என்று பார்த்தாலே அதன் காலம் தெரியும். பக்கத்திலுள்ள ஒவ்வொரு ஃபார்மிலும் ஒவ்வொரு கட்டத்திலும் தன் சரங்களைப் போட்டு சப்மிட் செய்து, வந்த பக்கத்தில் அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும். இன்றைய அப்ளிகேஷனில் சப்மிட் ஆகிற ஃபார்ம் எங்கே இருக்கிறது? பட்டனை அழுத்தினால் ஒரு ஃபெட்ச் போகிறது, ஜேசன் வருகிறது, எங்கோ ஒரு காம்பொனென்ட் தன்னை மறுபடி வரைந்துகொள்கிறது. அந்தக் கருவியை உயிர்ப்பித்து வந்தாலும் ஒன்றையும் காணாமல் பச்சை விளக்கு காட்டிவிட்டுப் போகும்.

செப்டம்பர் 4

"நானே ஒரு எக்ஸ்டென்ஷன் எழுதி, இன்னர்எச்டிஎம்எல்லை ஹூக் செய்தேன், ஒன்றுமே பதிவாகவில்லை, அப்படியானால் அந்த சைட் பாதுகாப்பானதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

இல்லை. உங்கள் ஹூக், அதாவது ஃபங்ஷனுக்கு முன்னால் நீங்கள் மாட்டிய ஒற்றன், அந்தப் பக்கத்தைத் தொடவே இல்லை.

எக்ஸ்டென்ஷன் பக்கத்துக்குள் ஓட்டும் கன்டென்ட் ஸ்கிரிப்ட் பக்கத்தின் டாமைப் பார்க்கும், ஆனால் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டோடு ஒரே உலகத்தில் இருக்காது. குரோமில் இதற்கு ஐசொலேட்டட் வேர்ல்ட் என்று பெயர். எலிமென்ட் ஒன்றுதான், ஆனால் அதற்கு மேலே இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் உறை இரண்டு பேருக்கும் தனித்தனி. நீங்கள் உங்கள் உலகத்திலுள்ள ப்ரோட்டோடைப்பை (ஆப்ஜெக்டுகள் தங்கள் ஃபங்ஷன்களைப் பெறும் அச்சை) மாற்றினால் அந்த மாற்றம் உங்களுக்கு மட்டும். பக்கத்தின் கோடு தன்னுடைய பழைய, தொடப்படாத ஃபங்ஷனையே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். பயர்பாக்ஸிலும் எக்ஸ்ரே விஷன் என்ற பெயரில் இதே ஏற்பாடு.

இதைத் தாண்ட முன்பெல்லாம் ஒரு ஸ்கிரிப்ட் டேகை உருவாக்கிப் பக்கத்துக்குள் செருகுவோம். கண்டிப்பான சிஎஸ்பி (எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம் என்று சர்வர் சொல்லும் விதி) உள்ள பக்கத்தில் அது தடுக்கப்படும். டெஸ்ட் செய்ய வேண்டிய சைட்டுகள்தானே பெரும்பாலும் அப்படி இருக்கின்றன! இப்போது எக்ஸ்டென்ஷனின் விவரக் கோப்பான மேனிஃபெஸ்டிலேயே 'மெயின்' வேர்ல்டில் ஓடு என்று சொல்லலாம். குரோம் 111-இலிருந்தும் பயர்பாக்ஸ் 128-இலிருந்தும் இது உண்டு. கூடவே டாக்குமென்ட் ஸ்டார்ட் என்றும் குறிக்க வேண்டும். பக்கத்தின் சொந்த ஸ்கிரிப்ட் ஓட ஆரம்பித்த பிறகு போய் ஹூக் மாட்டினால், அது முன்பே எடுத்து வைத்துக்கொண்ட அசல் ஃபங்ஷன்களை ஒன்றும் செய்ய முடியாது.

எல்லா ஃப்ரேம்களிலும் ஓட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். காலியான ஒரு ஐஃப்ரேமை உருவாக்கி அதிலிருந்து சுத்தமான ஃபங்ஷனை எடுத்துப் பயன்படுத்தும் லைப்ரரிகள் உண்டு.

செப்டம்பர் 4, சற்று நேரத்தில்

ஹூக் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. கண்டுபிடித்ததைக் காட்ட பக்கத்தின் மூலையில் ஒரு பெட்டி போட்டு, அதன் உள்ளடக்கத்தை இன்னர்எச்டிஎம்எல்லால் நிரப்பாதீர்கள். பெட்டியை ஹூக் பிடிக்கும், பிடித்ததைப் பெட்டி காட்டும், காட்டியதை ஹூக் பிடிக்கும். ஃபேன் சத்தம் கேட்டதும் டேபை மூடிவிடுங்கள்.

செப்டம்பர் 7

ஸ்கிரிப்ட் டேகுக்குள் அலெர்ட் போட்டுப் பார்த்தேன், ஓடவில்லை, ஆகவே ஓட்டை இல்லை என்கிற வாதம் இரண்டு பேரிடமிருந்து வந்துவிட்டது. இன்னர்எச்டிஎம்எல் வழியாக நுழையும் ஸ்கிரிப்ட் டேக் ஓடாது. எச்டிஎம்எல் விதியே அப்படி. அதே இடத்தில் இல்லாத படத்தைக் காட்டும் ஒரு இமேஜ் டேகும் ஆன்எரரும் ஓடும்.

செப்டம்பர் 8

மேலே உள்ளதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் பேலோடு (தாக்கும் சரம்) போட்டுப் பார்க்கும் பழக்கமே பிரவுசருக்குள் தேடும்போது தவறான தொடக்கம் என்று எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது.

பேலோடு போட்டால் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கேட்கிறீர்கள்: என் உள்ளீடு ஆபத்தான இடத்துக்குப் போகிறதா? போனால் ஓடுகிறதா? பதில் 'இல்லை' என்று வந்தால் எந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று தெரியாது. அதனால் முதலில் எந்தச் சிறப்பு எழுத்தும் இல்லாத, வேறெங்கும் வராத ஒரு சொல்லைப் போடுவது நல்லது. கேனரி என்பார்கள். யூஆர்எல் பாராமீட்டரில், ஹாஷில், வின்டோ நேமில், ரெஃபரரில், லோக்கல் ஸ்டோரேஜில் என்று மூலங்கள் எல்லாவற்றிலும் அதைப் போட்டுவிட்டு, ஈவால், இன்னர்எச்டிஎம்எல், டாக்குமென்ட் ரைட் மாதிரியான சிங்குகளில் (சரம் கோடாக மாறக்கூடிய இடங்களில்) அது எங்கே தலை காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். தலை காட்டிய இடத்தில் மட்டும் பிறகு கோண அடைப்பையும் மேற்கோளையும் போட்டு, எது தப்பிக்கிறது எது மாற்றப்படுகிறது என்று நிதானமாகப் பார்க்கலாம்.

பர்ப்பின் உள்ளேயே வரும் பிரவுசரில் 2021-இலிருந்து இருக்கும் டாம் இன்வேடர் செய்வது இதைத்தான். அதுவும் ஒரு எக்ஸ்டென்ஷன்தான், ஆனால் பர்ப்பின் பிரவுசருக்குள் மட்டும் வாழ்கிறது. அது இல்லாதவர்களுக்கு ஈவால் வில்லன் இருக்கிறது. திறந்த மூலம், பயர்பாக்ஸில் ஓடும், எதை ஹூக் செய்ய வேண்டும் என்று நாமே சொல்லலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், அழகு குறைவாக இருந்தாலும். கன்சோலில் கால் ஸ்டாக்கோடு வந்து விழும், அந்த வரியைத் தட்டினால் நேராகச் சோர்ஸுக்குப் போய்விடலாம். டாம் இன்வேடரின் பலம் ப்ரோட்டோடைப் பொல்யூஷன் பக்கம். பாராமீட்டர் வழியாக ஆப்ஜெக்டின் ப்ரோட்டோடைப்பில் ஒரு பண்பைச் செருக முடிகிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், அந்தப் பண்பை எந்தக் கோடு எடுத்து சிங்கில் போடுகிறது என்றும் தேடித் தரும். கையால் செய்தால் அது கண்ணைக் கெடுக்கும் வேலை.

செப்டம்பர் 9

போஸ்ட்மெசேஜ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எக்ஸ்டென்ஷன் இல்லாமல் நான் வேலையே தொடங்காத இடம் இது ஒன்றுதான்.

இரண்டு வின்டோக்கள், அல்லது பக்கமும் அதற்குள் இருக்கும் ஐஃப்ரேமும், ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்வது நெட்வொர்க்குக்கு வருவதே இல்லை. ப்ராக்ஸி குருடு. ஃப்ரான்ஸ் ரோசன் எழுதிய போஸ்ட்மெசேஜ் டிராக்கர் என்ற குரோம் எக்ஸ்டென்ஷன், பக்கத்தில் எந்தெந்த ஸ்கிரிப்ட் செய்தியைக் காது கொடுத்துக் கேட்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டும். உதவி அரட்டைப் பெட்டி, பணம் செலுத்தும் ஃப்ரேம், லாகின் பாப்அப் மூன்றும் இருக்கும் பக்கத்தில் அதைத் திறந்து பாருங்கள். அப்ளிகேஷனை எழுதியவர்களுக்கே தெரியாத லிசனர்கள் வரிசையில் நிற்கும்.

அவற்றில் ஒரிஜினை, அதாவது செய்தி எந்த சைட்டிலிருந்து வந்தது என்பதை, சோதிக்காதவை கொஞ்சம். சோதிப்பது போல நடிப்பவைதான் அதிகம். உதாரணம்.காம் என்ற சொல் ஒரிஜினில் எங்காவது இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். உதாரணம்.காம்.வேறிடம்.நெட் என்று ஒரு சப்டொமைன் வைத்தால் தாண்டிவிடலாம். இன்னும் கொஞ்சம் யோசித்தவர்கள் அந்தச் சொல்லில் முடிகிறதா என்று பார்ப்பார்கள். முன்னால் புள்ளி வைத்துப் பார்க்காததால் பொய்உதாரணம்.காம் உள்ளே வந்துவிடும். ரெகுலர் எக்ஸ்ப்ரெஷனில் புள்ளியை எஸ்கேப் செய்யாமல் விட்டவர்களும் உண்டு. எக்ஸ்டென்ஷன் லிசனரைக் காட்டும், அவ்வளவுதான். அந்தச் சோதனை உண்மையா நடிப்பா என்று படித்துச் சொல்ல வேண்டியது நாம். இதை எந்தக் கருவியும் எனக்காகச் சரியாகச் செய்து நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 13

முதல் குறிப்பில் குக்கீ எக்ஸ்டென்ஷன்களை ஒரே வீச்சில் ஒதுக்கிவிட்டேன். அதில் ஒரு விலக்கு உண்டு.

அனுமதிச் சோதனை. சாதாரணப் பயனர் ஒருவர், மேலாளர் ஒருவர், வேறொரு நிறுவனக் கணக்கில் இன்னொருவர். ஒருவருக்கான தகவலை மற்றவர் கேட்டால் சர்வர் கொடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓட்டைகளில் அதிகம் அகப்படுவதும் அதிக சேதம் செய்வதும் இந்த வகை என்பது என் அனுபவம். இதற்கு குக்கீயை ஏற்றுமதி இறக்குமதி செய்துகொண்டிருந்தால் யார் எந்த ஆள் என்று நமக்கே குழம்பிவிடும். பயர்பாக்ஸின் மல்டி அக்கவுண்ட் கன்டெய்னர்ஸ் போட்டால் ஒவ்வொரு டேபும் தனித்தனிக் குக்கீ ஜாடி, தனி லோக்கல் ஸ்டோரேஜ். ஒரே வின்டோவில் மூன்று பேராக இருக்கலாம். அதோடு பாவ்ன்ஃபாக்ஸ் என்ற எக்ஸ்டென்ஷனைச் சேர்த்தால் அது தரும் ஒவ்வொரு கன்டெய்னரின் ரிக்வெஸ்டும் பர்ப்பின் ஹிஸ்டரியில் தன் நிறத்தோடு வந்து விழும். சிவப்பு மேலாளர், நீலம் சாதாரண ஆள். நீலத்தில் போகக் கூடாதது போய்விட்டால் பளிச்சென்று தெரியும்.

கவனித்தீர்களா, இங்கேயும் எக்ஸ்டென்ஷன் தனியாக வேலை செய்யவில்லை. ப்ராக்ஸிக்குத் தெரியாத ஒரு தகவலை, அதாவது இது யார் என்பதை, ரிக்வெஸ்டின் மேல் ஒட்டி அனுப்புகிறது.

செப்டம்பர் 14

ப்ராக்ஸி வழியாக லோக்கல்ஹோஸ்ட் போகவில்லை என்று கேட்டவருக்கு: பிரவுசர்கள் அதை வேண்டுமென்றே ப்ராக்ஸிக்கு அனுப்புவதில்லை. பயர்பாக்ஸின் அபவுட் கான்ஃபிக்கில் அலௌ ஹைஜாக்கிங் லோக்கல்ஹோஸ்ட் என்று ஒரு அமைப்பு இருக்கும், அதை இயக்குங்கள். எக்ஸ்டென்ஷன் தேவையில்லை.

செப்டம்பர் 18

குரோமில் எக்ஸ்டென்ஷன்களுக்கான புதிய விதிமுறையான மேனிஃபெஸ்ட் வி3 வந்து எல்லாம் கெட்டுப்போச்சு என்ற புலம்பலைப் பற்றி.

கெட்டுப்போனது உண்மைதான். முன்பு வெப்ரிக்வெஸ்ட் வழியாக ஒரு ரிக்வெஸ்டை நடுவில் நிறுத்தி, யோசித்து, மாற்றி அனுப்பலாம். வி3-இல் அந்த நிறுத்தும் உரிமை, நிறுவன நிர்வாகிகள் பாலிசி மூலம் நிறுவும் எக்ஸ்டென்ஷன்களுக்கு மட்டும். மற்றவர்கள் விதிகளை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், பிரவுசர் பார்த்துக்கொள்ளும். பின்னணிப் பக்கம் போய் சர்வீஸ் வொர்க்கர் வந்தது. 30 வினாடி சும்மா இருந்தால் அதைத் தூங்க வைத்துவிடுவார்கள், நினைவில் வைத்திருந்த எல்லாமே போய்விடும். பழைய வி2 எக்ஸ்டென்ஷன்களை நிறுவனப் பாலிசியால் தாங்கிப் பிடித்திருந்தவர்களுக்கும் குரோம் 138 தான் கடைசிப் பதிப்பு.

ஆனால் ரெஸ்பான்ஸின் உள்ளடக்கத்தைப் படிக்க குரோமின் வெப்ரிக்வெஸ்ட் எப்போதுமே விட்டதில்லை, வி2 காலத்திலும். படிக்க வேண்டுமானால் டெவ்டூல்ஸ் பேனலாக எழுத வேண்டும், அல்லது டிபக்கர் அனுமதி கேட்க வேண்டும். கேட்டால் 'இந்த எக்ஸ்டென்ஷன் பிரவுசரை டிபக் செய்கிறது' என்று மேலே ஒரு பட்டை வந்து உட்காரும். பயர்பாக்ஸில் 57-இலிருந்தே ரெஸ்பான்ஸை ஓடை ஓடையாகப் படித்து மாற்றித் தரும் வசதி உண்டு, வெப்ரிக்வெஸ்டில் நிறுத்தும் உரிமையையும் அவர்கள் விட்டுவைத்திருக்கிறார்கள். பழைய எக்ஸ்டென்ஷன்களைக் கொன்ற அதே 57! இன்று டெஸ்டிங் எக்ஸ்டென்ஷன் எழுத உட்கார்ந்தால் நான் பயர்பாக்ஸில்தான் தொடங்குவேன்.

செப்டம்பர் 21

சிரிப்பாக இருந்தாலும் நடந்தது. குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், வாடிக்கையாளரின் எல்லா ஏபிஐயிலும் கோர்ஸ் (வேறு சைட்டின் ஸ்கிரிப்ட் பதிலைப் படிக்கலாமா என்ற அனுமதி) முழுக்கத் திறந்து கிடக்கிறது, எந்த ஒரிஜினுக்கும் அனுமதி கிடைக்கிறது என்று தடித்த எழுத்தில் அறிக்கை கொடுத்தார். ஸ்கிரீன்ஷாட்டும் இருந்தது. ப்ராக்ஸியில் பார்த்தால் அப்படி ஒரு ஹெடரே இல்லை. அவருடைய பிரவுசரில் முந்தைய வேலைக்காகப் போட்ட கோர்ஸ் அன்பிளாக் எக்ஸ்டென்ஷன் ஒன்று அணைக்கப்படாமல் இருந்தது. சர்வர் சொல்லாததை அது சேர்த்துக் காட்டிக்கொண்டிருந்தது.

இதே மாதிரி ஏமாற்றும் இடங்கள் இன்னும் உண்டு. ஹோஸ்ட் அனுமதி உள்ள எக்ஸ்டென்ஷனின் பின்னணியிலிருந்து போகும் ஃபெட்ச் கோர்ஸுக்குக் கட்டுப்படாது, பக்கத்திலிருந்து போவது கட்டுப்படும். குரோம் 85-இலிருந்து கன்டென்ட் ஸ்கிரிப்டும் பக்கத்தைப் போலவே கட்டுப்பட வேண்டும். ஆக ஒரே எக்ஸ்டென்ஷனின் இரண்டு பகுதிகள் ஒரே ரிக்வெஸ்டுக்கு இரண்டு விதமான பதில் சொல்லும். ஸ்கிரிப்டுகளைத் தடுக்கும் நோஸ்கிரிப்ட் எக்ஸ்டென்ஷனில் எக்ஸ்எஸ்எஸ் வடிகட்டி உண்டு, அது ஓடும்போது நீங்கள் சோதிப்பது அப்ளிகேஷனை அல்ல, நோஸ்கிரிப்டை.

சிஎஸ்ஆர்எஃப் (வேறு சைட் பயனரின் பெயரில் ரிக்வெஸ்ட் அனுப்ப வைக்கும் தாக்குதல்) சோதனையில் இருப்பது இதைவிட நுணுக்கமான பொறி, எக்ஸ்டென்ஷனே இல்லாமலும் மாட்டிக்கொள்வீர்கள். 2020-இல் குரோம் 80-உடன், சேம்சைட் (வேறு சைட்டிலிருந்து வரும் ரிக்வெஸ்டோடு குக்கீ போகலாமா என்ற குறி) குறிப்பிடாத குக்கீயை, பெரும்பாலும் போகாத லாக்ஸ் என்றே கருதத் தொடங்கினார்கள். ஆனால் அப்படிப்பட்ட குக்கீ பிறந்து 2 நிமிடம் ஆகும்வரை, வேறு சைட்டிலிருந்து வரும் டாப் லெவல் போஸ்டோடும் போகும். லாகின் செய்த உடனே சோதித்தால் தாக்குதல் வெற்றி. காபி குடித்துவிட்டு வந்து வாடிக்கையாளருக்குக் காட்டினால் தோல்வி. குக்கீ எக்ஸ்டென்ஷனால் குக்கீயைத் திரும்ப எழுதினால் அதன் வயதும் சேம்சைட் மதிப்புமே மாறிவிடலாம், அதன் பிறகு எதைச் சோதிக்கிறோம் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

செப்டம்பர் 22

"செக்யூரிட்டி எக்ஸ்டென்ஷன்தானே, அது என்ன செய்துவிடும்?"

வேலியே பயிரை மேயும். 2017 ஆகஸ்டில் வெப் டெவலப்பர் என்ற மிகப் பிரபலமான குரோம் எக்ஸ்டென்ஷனின் ஆசிரியரை ஃபிஷிங் மெயிலில் ஏமாற்றி, அவர் கணக்கிலிருந்தே கெட்ட பதிப்பை வெளியிட்டார்கள். டேபுகளைத் தூங்க வைக்கும் தி கிரேட் சஸ்பெண்டர் கைமாறி, 2021 பிப்ரவரியில் மால்வேர் என்று கூகுளே அதை நீக்கியது. 2024 கிறிஸ்துமஸ் சமயத்தில் சைபர்ஹேவன் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் எக்ஸ்டென்ஷனுக்கே இது நடந்தது. ஊழியர் ஒருவர் கூகுளின் அனுமதிப் பக்கத்தில் ஒரு கெட்ட செயலிக்குச் சம்மதம் கொடுத்தார், குக்கீகளைத் திருடும் பதிப்பு பயனர்களுக்குத் தானாக அப்டேட் ஆகிப் போனது.

டெஸ்ட் செய்கிறவர் கையில் இருப்பது வாடிக்கையாளரின் அட்மின் செஷன். எல்லா சைட்டிலும் எல்லாவற்றையும் படிக்கலாம் என்ற அனுமதியோடு பத்து எக்ஸ்டென்ஷன் ஓடும் பிரவுசரில் அதைத் திறக்காதீர்கள். தனி ப்ரொஃபைல், அதில் இந்த வேலைக்கு வேண்டியது மட்டும். முடிந்தால் ஸ்டோரிலிருந்து போடாமல் சோர்ஸை இறக்கிப் படித்து அன்பேக்டாக ஏற்றுங்கள். தானாக அப்டேட் ஆகாது. புதிய எக்ஸ்டென்ஷன் எதையும் முதலில் ப்ராக்ஸிக்குப் பின்னால் வைத்து, அது தானாக எங்கே பேசுகிறது என்று ஒரு மணி நேரம் சும்மா பாருங்கள். என்ன டெக்னாலஜி என்று காட்டும் எக்ஸ்டென்ஷன்கள் சில நீங்கள் போகும் முகவரியை வெளியே அனுப்பும். வாடிக்கையாளரின் உள் சர்வர் பெயர் அப்படி வெளியே போவதை எந்த ஒப்பந்தமும் மன்னிக்காது.

பழக வேண்டுமானால் ஜூஸ் ஷாப், டிவிடபிள்யூஏ மாதிரி வேண்டுமென்றே ஓட்டையாக எழுதப்பட்டவை இருக்கின்றன. அனுமதி இல்லாத சைட்டில் ஒரு கேனரி கூட வேண்டாம்.

செப்டம்பர் 27

நல்ல கேள்வி ஒன்று வந்திருக்கிறது. "ஹூக் எல்லாம் வேலை செய்கிறது. ஆனால் லொக்கேஷன் எச்ரெஃப்பில் மதிப்பு போடுவதை மட்டும் எந்த ஹூக்கும் பிடிக்க மாட்டேன் என்கிறது. ஏன்?"

அதைப் பிடிக்கவே முடியாது. லொக்கேஷன் ஆப்ஜெக்டின் பண்புகளை யாரும் மாற்றி எழுத முடியாதபடி வெப் தரநிலையே பூட்டி வைத்திருக்கிறது. ஒரு பக்கம் தன் முகவரியைப் பற்றிப் பொய் சொல்ல முடியாமல் இருக்க அந்தப் பூட்டு தேவை. ஆனால் 'ஜாவாஸ்கிரிப்ட்:' என்று தொடங்கும் முகவரியை லொக்கேஷனில் போடுவது டாம் எக்ஸ்எஸ்எஸ்ஸின் முக்கியமான வழிகளில் ஒன்று. நாம் எழுதும் எக்ஸ்டென்ஷன் சரியாக அந்த வாசலில் கண்ணை மூடிக்கொள்கிறது.

இதனால்தான் ஆராய்ச்சி செய்பவர்கள் எக்ஸ்டென்ஷனோடு நிற்காமல் பிரவுசரையே திருத்துகிறார்கள். ஸ்டெஃபானோ டி பாவ்லாவின் டாமினேட்டர் 2011-இலேயே பயர்பாக்ஸைத் திருத்தி, சரம் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்ற கறையைத் தூக்கிக்கொண்டே போகும்படி செய்தது. 2013-இல் லெக்கீஸ், ஸ்டாக், ஜான்ஸ் மூவரும் குரோமியத்தை அப்படித் திருத்தி, பிரபல சைட்டுகளின் அலெக்சா பட்டியலில் முதல் 5,000 சைட்டுகளை ஓட்டிப் பார்த்தார்கள். ஏறக்குறைய பத்தில் ஒன்றில் குறைந்தது ஒரு டாம் எக்ஸ்எஸ்எஸ் அகப்பட்டது. இன்று எஸ்ஏபி பராமரிக்கும் ஃபாக்ஸ்ஹவுண்ட் அதே வழியில் வருகிற பயர்பாக்ஸ். கட்டி எடுக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். நான் தினசரி வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை, பெரிய ஒற்றை அப்ளிகேஷன் வந்தால் எடுப்பேன்.

செப்டம்பர் 28

நேற்று எழுதிவிட்டுப் படுத்த பிறகுதான் தோன்றியது: ஹூக்கே வேண்டாமே!

ட்ரஸ்டட் டைப்ஸ் குரோம் 83-இலிருந்து, 2020 மே முதல், இருக்கிறது. சிங்குகளில் வெறும் சரத்தைப் போட விடாமல் தடுக்கும் பாதுகாப்புக்காக வந்தது. அதையே டெஸ்டிங்குக்குத் திருப்பலாம். ரெஸ்பான்ஸில், தடுக்காமல் புகார் மட்டும் எழுதும் சிஎஸ்பி ரிப்போர்ட் ஒன்லி ஹெடரைச் சேர்த்து, ஸ்கிரிப்டுக்கு ட்ரஸ்டட் டைப்ஸ் கட்டாயம் என்று சொல்லிவிடுங்கள். அப்ளிகேஷன் வழக்கம்போல ஓடும், எதுவும் உடையாது. ஆனால் எந்த வரியிலாவது வெறும் சரத்தை இன்னர்எச்டிஎம்எல்லிலோ ஈவாலிலோ போட்டால், பிரவுசரே கோப்புப் பெயரோடும் வரி எண்ணோடும் கன்சோலில் எழுதிவிடும். மெயின் வேர்ல்டில் 'டிஃபால்ட்' என்ற பெயரில் ஒரு பாலிசியும் வைத்துவிட்டால், அந்தச் சரமும் எந்த சிங்கில் விழப்போகிறது என்பதும் உங்கள் ஃபங்ஷனுக்கே வந்து சேரும். கேனரி இருக்கிறதா என்று அங்கே பார்த்துக்கொள்ளலாம். ப்ரோட்டோடைப்பை மாற்றும் வேலை இல்லை. பக்கம் முன்கூட்டியே எடுத்து ஒளித்துவைத்த ஃபங்ஷனும் தப்பாது, ஏனென்றால் சோதனை நடப்பது பிரவுசரின் உள்ளே.

அந்தச் சரம் எங்கிருந்து வந்தது என்று இது சொல்லாது. வேறு சைட்டுக்குத் திருப்பிவிடும் ஓபன் ரிடைரக்டையும் பிடிக்காது.

செப்டம்பர் 28, இரவு

ஹெடரை எப்படிச் சேர்ப்பது என்று உடனே கேட்டுவிட்டார்கள். ரிப்போர்ட் ஒன்லியை மெட்டா டேகில் போட முடியாது, ஹெடராகத்தான் வர வேண்டும். ப்ராக்ஸியில் ஒரு மாற்று விதி போடலாம். எக்ஸ்டென்ஷனிலேயே வேண்டுமென்றால், நான் 18-ஆம் தேதி திட்டிய வி3-இன் முன்கூட்டி எழுதிய விதிகளே போதும், ரெஸ்பான்ஸ் ஹெடரைச் சேர்க்க அவற்றில் வழி உண்டு. அப்பெண்ட் என்று கொடுங்கள். செட் என்று கொடுத்தால் அந்த சைட் தானே வைத்திருக்கும் ரிப்போர்ட் ஒன்லி பாலிசி அழிந்துவிடும்.

விதி சரியாக இருந்தும் கன்சோலில் ஒன்றும் வரவில்லையென்றால், பக்கம் நெட்வொர்க்கிலிருந்து வராமல் அப்ளிகேஷனின் சர்வீஸ் வொர்க்கர் கேஷிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். டெவ்டூல்ஸின் அப்ளிகேஷன் டேபில் 'பைபாஸ் ஃபார் நெட்வொர்க்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்துவிட்டு ரீலோட் செய்யுங்கள்.